குற்றாலிங்கம் கொலை வழக்கு: நேரலை

சாத்தன்கரை கோர்ட்டுக்குள் டிவி கேமரா நுழைந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது, மாமரங்கள் கொம்பு ஒடியக் காய்த்தன, வடக்குத்தெரு தங்கபுஷ்பம் கட்டின புருஷனை வெட்டிக் குழம்பு வைத்துவிட்டாள் என்று தமிழ்நாடு முழுக்க ஒரே பேச்சாகக் கிடந்தது. மழையும் மாங்காயும் உண்மை. மூன்றாவது எப்படிப் பொய்யானது, அதைப் பொய்யாக்க எத்தனை பேர் இருந்த இடத்திலிருந்து பிடுங்கப்பட்டு வந்து விழ வேண்டியிருந்தது என்பதை அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு மாதிரி சொல்வார்கள். இது தங்கபுஷ்பத்தின் பக்கம் நின்று சொல்வது.

தங்கபுஷ்பம் இட்லி மாவு ஆட்டி விற்பவள். கிரைண்டர் சத்தத்தை மீறிப் பேசிப் பேசித் தொண்டை அகன்றுபோனவள். "ஒரு பாக்கெட்டா, ரெண்டு பாக்கெட்டா?" என்று அவள் வாசலில் கேட்டால் அடுத்த தெருவில் பால்காரர் பதில் சொல்வார். அவள் புருஷன் குற்றாலிங்கம் பந்தல்காரர். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் மூங்கிலும் கயிறுமாகப் போய் நின்று வேலையைப் பார்த்துவிட்டு வருவாரே தவிர வாய் திறக்க மாட்டார், கூப்பிட்டால் திரும்பவும் மாட்டார். "ஏங்க" என்று அவள் ஒரு தரம் கூப்பிடுவாள், அவருக்குக் காது கேட்காது, இரண்டாம் தரம் கூப்பிடுவாள், கேட்கும், ஆனால் திரும்ப மாட்டார், மூன்றாம் தரம் கூப்பிட்டுத் தெருவே திரும்பிய பிறகு "என்னளா?" என்று அவரும் திரும்புவார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் நடைமுறை. அவர் பெயரை அவள் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. பெண்டாட்டி வாயிலிருந்து பெயர் வந்தால் புருஷன் ஆயுசில் ஒரு நாள் குறையும் என்று அந்தப் பக்கத்தில் நம்பிக்கை. எத்தனை வாய் பேசினாலும் அந்த ஒரு விஷயத்தில் தங்கபுஷ்பம் கஞ்சம்.

ஒரு மத்தியானம் சாளை மீன் குழம்பில் உப்பில்லை என்று குற்றாலிங்கம் தட்டைத் தள்ளினார். உப்பு இருந்தது, ஜலதோஷத்தில் அவர் நாக்குத்தான் செத்திருந்தது. அவள் அரிவாள்மணையில் மிச்ச மீனை அறுத்துக்கொண்டிருந்தவள், இருந்த இடத்திலிருந்தே, "இன்னொரு வார்த்தை பேசுனீங்க, ஒங்கள வெட்டிக் கொழம்பு வச்சிருவேன், பாத்துக்கிடுங்க!" என்றாள். சாத்தன்கரையில் பள்ளிக்கூடம் விட்டு நேரம் கழித்து வரும் பிள்ளையிடம் அம்மா சொல்வதும், பாலைத் தட்டிவிட்ட பூனையிடம் பாட்டி சொல்வதும் இதே வாசகம்தான். ஆனால் அன்றைக்கு அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கொடியில் கிடந்த சட்டையை உருவிக்கொண்டு, "இனி நீயாக் கூப்பிட்டாலொழிய இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று படியிறங்கினார். "கூப்பிடுவேன்னு கனவு காணாதீங்க" என்றாள் அவள்.

அவளும் கூப்பிடவில்லை, அவரும் வரவில்லை. போனை அலமாரியிலேயே விட்டுப் போனவரை எங்கே தேட? சில மாதம் கழித்து அவருடைய அண்ணன் போலீசில் எழுதிக்கொடுத்தார். பக்கத்து வீட்டு செல்லத்தாய் தான் காதால் கேட்ட வாசகத்தை அட்சரம் பிசகாமல் சொன்னாள். அரிவாள்மணையின் இடுக்கில் ரத்தம் காய்ந்திருந்தது. சாளை மீன் ரத்தம் என்றாள் தங்கபுஷ்பம். பரிசோதனை ரிப்போர்ட் வருகிற வழியில் எங்கேயோ வாய்தா வாங்கிக்கொண்டிருந்தது. அவளை உள்ளே வைத்து, பிறகு ஜாமீனில் விட்டு, வழக்கு சாத்தன்கரை செஷன்ஸ் கோர்ட்டுக்கு வந்தபோது, இடிமுழக்கம் டிவி அதை நேரலையாகக் காட்ட மேலிடத்தில் அனுமதி வாங்கிவிட்டது.

அந்த டிவியின் நெறியாளர் ஆதவன் சென்னையில் கோட்டும் டையுமாக உட்கார்ந்து, சாயங்காலம் தவறாமல் அவளுக்குத் தண்டனை கொடுத்தார். திரையில் ஒரு மண்சட்டி கொதிக்கும்; ஆவியிலிருந்து குற்றாலிங்கத்தின் ரேஷன் கார்டு முகம் மிதந்து வரும்; கீழே "குழம்பில் இருந்தது யார்?" என்று எழுத்து ஓடும். "கவனியுங்கள் நேயர்களே, 'ஒங்கள' என்கிறார். மரியாதையோடு செய்யப்பட்ட கொலை!" என்று ஆதவன் மேசையைத் தட்டுவார். கட்டம் கட்டமாக உட்கார்ந்திருந்த விருந்தினர்கள் ஒரே நேரத்தில் கத்துவார்கள். தங்கபுஷ்பம் மாவு ஆட்டிக்கொண்டே இதையெல்லாம் பார்த்தாள். "சாளை மீனுக்கு யாராவது மண்சட்டி நெறையத் தண்ணி ஊத்துவாளா? கூறுகெட்ட பய" என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

விசாரணையின் முதல் நாள். கோர்ட்டில் சாட்சியைக் கூப்பிடுகிற ஆளுக்கு டவாலி என்று பெயர். உண்மையில் அது அவர் மார்பில் குறுக்கே போட்டிருக்கும் சிவப்புப் பட்டைக்குத்தான் பெயர், ஆளுக்கும் அதுவே நிலைத்துவிட்டது. டவாலி இசக்கியப்பன் வாசலில் வந்து நின்று, தொண்டையைக் கனைத்து, வெள்ளைக்காரன் காலத்து வழக்கப்படி மூன்று தரம் கூப்பிட்டார். "செல்லத்தாய்! செல்லத்தாய்! செல்லத்தாய்!"

வராந்தாவில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த செல்லத்தாய் எழுந்து வந்தாள். அவளோடு, அந்த நேரத்தில் அந்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த எல்லாச் செல்லத்தாய்களும் வந்தார்கள். அம்பத்தூர் செல்லத்தாய் கையில் குக்கர் விசிலோடு வந்தாள். வத்தலக்குண்டு செல்லத்தாய் பாதித் தலை சீவியபடி வந்தாள். ஊட்டியிலிருந்து வந்தவள் ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டே "என்னா வெயிலு" என்றாள். மும்பை தாராவியிலிருந்து வந்தவள், "கொழாயில தண்ணி வந்திருக்கு, கொடத்த வச்சிட்டு வந்திருக்கேன், கேக்கறத வெரசாக் கேளுங்க" என்று அவசரப்படுத்தினாள். கூண்டு கொள்ளவில்லை. நீதிபதி கற்பகவல்லி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எல்லாரும் ஆஜர் என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.

"சம்பவத்தைப் பார்த்தவர் யார்?" என்று அரசு வக்கீல் கேட்டார். அத்தனை செல்லத்தாய்களும் கை தூக்கினார்கள். "டிவில பாத்தோம்லா" என்றார்கள்.

கூப்பிட்ட குரலுக்கு ஆள் வருவது நல்லதுதானே என்று ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. வருவதற்குத்தான் குரல் போதும், திரும்பிப் போக பஸ் வேண்டும் என்பதால், கோர்ட் எதிரில் புது பஸ் ஸ்டாண்டே முளைத்தது. பெருமாள் என்ற பெயரைக் கூப்பிட்ட அன்று வந்து விழுந்த பெருமாள்களில் பாதிப் பேர் ஈரத் துண்டோடு நின்றதைப் பார்த்த ஒருவர் கோர்ட் வாசலில் வேட்டி சட்டை வாடகைக்கு விடும் கடை போட்டு ஒரே மாதத்தில் மாடி கட்டினார். டிவிக்கு முன்னால் உட்காரும்போது சட்டை போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் மக்களிடம் வந்தது அப்போதுதான். தீபாவளிக்கு ரயில் டிக்கெட் திறந்த நிமிஷத்திலேயே தீர்ந்துபோகிற சென்னையில், தென்மாவட்டத்து ஆட்கள் டிக்கெட்டுக்கு அலைவதை விட்டுவிட்டு அரசு வக்கீலின் குமாஸ்தாவுக்குப் போன் போட்டு, "அண்ணாச்சி, நம்ம பேரையும் சாட்சில சேத்துவிடுங்க, பெட்டிய கட்டி மடியில வச்சிக்கிட்டு டிவி முன்னால உக்காந்திருக்கேன்" என்று கெஞ்சினார்கள். தாம்பரத்தில் ஒரு குடும்பம், தனித்தனியாக வந்தால் செலவென்று, அப்பா முதல் கைக்குழந்தை வரை எல்லோருக்கும் சுடலைமுத்து என்று பெயரை மாற்றிக்கொண்டது. தங்கள் பெயரில் இன்னும் ஒரு சாட்சியும் அமையாதவர்கள் ஏக்கத்தோடு காத்திருந்தார்கள். இசக்கியப்பன் தொண்டைக்குப் பனங்கற்கண்டும் மிளகும் மூட்டை மூட்டையாகப் பார்சலில் வந்தன. அவருக்கு ஒரு நாள் லேசாக இருமல் வந்ததற்கு மூன்று கோவில்களில் அர்ச்சனை நடந்தது.

இத்தனை கொண்டாட்டத்துக்கு நடுவில், கூண்டில் நின்றது தங்கபுஷ்பம்தான். வருகிறவர்கள் எல்லாம் அவளோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். "எக்கா, மொகத்த கொஞ்சம் கோவமா வையுங்க" என்றார்கள். அவள் வைத்தாள். ஆனால் சாட்சி மேல் சாட்சியாக ஏற, தன் கழுத்தைச் சுற்றி ஏதோ இறுகிக்கொண்டே வருவது அவளுக்குத் தெரிந்தது. ஆயுள் தண்டனை என்றால் எத்தனை வருஷம் என்று தன் வக்கீல் ஜெசிந்தாவிடம் ஒரு நாள் கேட்டாள். சின்ன வயசு ஜெசிந்தா வழக்குக் கட்டைப் பிரித்துத் திரும்பக் கட்டினாள்.

அவளையே விசாரிக்கும் நாள் வந்தது. "உன் கணவர் பெயர் என்ன?" என்று அரசு வக்கீல் முதல் கேள்வியாகக் கேட்டார்.

தங்கபுஷ்பம் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு ஊர்ப் பெண்கள் சொல்வதுபோலச் சாடையாக, "மேல இருந்து தண்ணி விழும்லா... குளிச்சா பித்தம் தெளியும்லா... அந்தத் தண்ணி பக்கத்துல இருக்க சாமி பேருதான்" என்றாள்.

கோர்ட்டில் இருந்த பெண்கள் எல்லாம் "குற்றாலிங்கம்!" என்று கோரஸாக எடுத்துக்கொடுத்தார்கள். நீதிபதி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். ஆனால் சென்னையில் ஆதவன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "தண்ணீர்! மேலிருந்து விழுகிற தண்ணீர்! உடல் எங்கே என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார்! கணவன் பெயரை உச்சரிக்கக்கூட நா எழவில்லை, பாருங்கள், குற்ற உணர்ச்சி!" என்றார். அன்றே அருவிக்கடியில் முங்கு நீச்சல்காரர்கள் இறங்கினார்கள். நேரலையில் ஒவ்வொன்றாக மேலே வந்தது: சோப்புப் பெட்டி, ஒற்றைச் செருப்பு, எண்ணெய்ப் பாட்டில், யாரோ தொலைத்த பல்செட், சாயம் போன கட்சிக்கொடி. குற்றாலிங்கம் வரவில்லை. "தடயங்கள் கரைந்துவிட்டன" என்று முடித்தார் ஆதவன்.

அன்றைக்குத்தான் ஜெசிந்தாவுக்குப் புத்தியில் ஒன்று தட்டியது. ஊரில் உள்ளவர்களையெல்லாம் கூப்பிட்டால் வருகிறார்களே, குற்றாலிங்கத்தைக் கூப்பிட்டால் என்ன? மறுநாளே மனுப் போட்டாள்.

"இறந்தவரைச் சாட்சிக்கு அழைக்க முடியாது, யுவர் ஆனர்" என்று அரசு வக்கீல் குதித்தார்.

"வந்துட்டா அவர் இறந்தவர் இல்ல, வராட்டி அவர் சாட்சி இல்ல. கூப்பிடறதுல யாருக்கு நஷ்டம்?" என்றாள் ஜெசிந்தா. நீதிபதி அனுமதித்தார்.

இடிமுழக்கம் டிவி சும்மா இருக்குமா? "திங்கள் காலை பதினொரு மணி, இறந்தவர் எழுவாரா?" என்று ஒரு வாரம் தமுக்கடித்தது. திங்கட்கிழமை காலை இசக்கியப்பன் புது உடுப்போடு வாசலில் நின்று, "குற்றாலிங்கம்! குற்றாலிங்கம்! குற்றாலிங்கம்!" என்று இழுத்துக் கூப்பிட்டார். தென்காசிக் குற்றாலிங்கம் வந்தார், கடையநல்லூர்க் குற்றாலிங்கம் வந்தார், துபாயிலிருந்து ஒருவர் மஞ்சள் ஹெல்மெட்டும் செருப்பில் ஒட்டிய மணலுமாக வந்து மண்ணைத் தொட்டுக் கும்பிட்டார், தவழ்கிற பருவத்தில் ஒரு குற்றாலிங்கம் வாயில் ரப்பரோடு வந்தான். தங்கபுஷ்பம் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். "நான் இல்லம்மா" என்று ஒவ்வொருவரும் ஏதோ தன்மேல்தான் தப்பு என்பதுபோல ஒதுங்கினார்கள். கடைசி முகமும் முடிந்ததும் அவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"வரவில்லை! இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?" என்றார் ஆதவன். நீதிபதிக்கும் வேறு வழியில்லை. அடுத்த வாய்தாவோடு விசாரணை முடியும், பிறகு தீர்ப்பு என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அன்று சாயங்காலம் ஜெசிந்தா வீட்டுக்கு வந்தபோது தங்கபுஷ்பம் கிரைண்டரில் உளுந்தைப் போட்டுவிட்டு வெறித்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் அவளுக்குக் கோபம்தான் இருந்தது. ரோஷக்கார மனுஷன், எங்கேயோ தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்ற கோபம். இப்போது முதல்முறையாகப் பயம் வந்திருந்தது. ஜெயிலைப் பற்றிய பயம் இல்லை.

"அவிய நெசமாவே போயிட்டாவளோ, வக்கீலம்மா?" என்றாள். "இருந்தா வந்திருப்பாவல்லா? நான் விளையாட்டுக்குச் சொன்ன சொல்லு பலிச்சிட்டோ?" சொல்லிவிட்டுச் சேலைத்தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். குழம்பில் உப்பு இருந்தது என்பதை இனி யாரிடம் நிரூபிப்பது என்று நினைத்தபோது அழுகை இன்னும் கூடியது.

ஜெசிந்தா எழுந்து, வாசலில் பைக்கோடு காத்திருந்த தன் புருஷனை, "டேய் கிளிண்டன், கொஞ்சம் தண்ணி வாங்கிட்டு வா" என்று கூப்பிட்டாள். அவன் சடக்கென்று திரும்பி ஓடினான். தங்கபுஷ்பம் அழுகையை நிறுத்திவிட்டாள்.

"பேரச் சொன்ன ஒடனே திரும்பிட்டாவளே!"

"பின்ன? பேர் எதுக்குக்கா இருக்கு? நீங்க உங்க வீட்டுக்காரர எப்படிக் கூப்பிடுவீங்க?"

"ஏங்கன்னுதான்."

கிரைண்டர் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ரேஷன் கார்டுலதான் அவியளுக்கு அந்தப் பேரு" என்றாள் தங்கபுஷ்பம் மெதுவாக. "அந்தப் பேரச் சொல்லி நாங் கூப்பிட்டதும் கெடையாது, அவிய திரும்புனதும் கெடையாது."

அடுத்த வாய்தாவில் ஜெசிந்தா கொடுத்த மனுவில் சாட்சியின் பெயர் என்ற இடத்தில் "ஏங்க" என்று இருந்தது. அரசு வக்கீல் இதைப் படித்துவிட்டு உட்காரவே மறந்துபோனார். நீதிபதி கற்பகவல்லி அம்மாள் வெகுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் தன் வீட்டில் கார் சாவி எங்கே என்று கேட்க எப்படிக் கூப்பிட்டோம் என்று அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "அனுமதிக்கப்படுகிறது" என்றார்.

ஆனால் இசக்கியப்பன் மறுத்துவிட்டார். "அம்மா, மன்னிக்கணும். நான் ஆம்பளை. பட்டப்பகல்ல, தமிழ்நாடே பாக்க, வாசல்ல நின்னு ஏங்கன்னு கூப்பிட்டா என் வீட்டுல என்ன நெனைப்பாவ? வேலையே போனாலும் இது என்னால ஆகாது" என்று கண்கலங்கினார். அப்புறம் அவரே ஒரு வழி சொன்னார். மார்பிலிருந்த சிவப்புப் பட்டையைக் கழற்றி, தங்கபுஷ்பத்தின் சேலைக்கு மேல் குறுக்கே போட்டுவிட்டார். "நீயே கூப்பிடு தாயி."

அவள் வாசலில் வந்து நின்றாள். கூப்பிடுவேன் என்று கனவு காணாதீங்க என்று சொன்ன வாய்தான். அந்த வாயைத் திறந்து, கிரைண்டர் சத்தத்தில் பழகிய தொண்டையால், "ஏங்க!" என்றாள். தமிழ்நாடெங்கும் டிவி முன்னால் சாய்ந்து கிடந்த புருஷன்மார் நிமிர்ந்தார்கள். "ஏங்க!" பேப்பரை மடித்தார்கள், பல்குச்சியை எடுத்தார்கள், ரிமோட்டை ஒளித்தார்கள். "ஏங்க!"

வந்தார்கள். கோர்ட் வளாகம் கொள்ளாமல் வந்தார்கள், காம்பவுண்டுச் சுவர் மேல் வந்தார்கள், வேப்பமரக் கிளைகளில் வந்து தொற்றினார்கள், போலீஸ் ஜீப்பின் கூரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். முகத்தில் பாதி சோப்பு நுரையோடு வந்தவர், முருங்கைக்காயை உறிஞ்சிக்கொண்டே வந்தவர், மனைவிக்குத் தெரியாமல் பிரிட்ஜிலிருந்து எடுத்த அல்வாவோடு வந்தவர், ரிப்பன் வெட்டும் கத்திரிக்கோலோடு ஒரு மந்திரி. காலையில்தான் தாலி கட்டிய ஒரு மாப்பிள்ளை மாலையோடு வந்து விழுந்து, "அவ இன்னும் என்னைய கூப்பிடவே ஆரம்பிக்கலியே!" என்று திகைத்தான். நீதிபதியின் கணவர் கார் சாவியைக் கையில் பிடித்தபடி மேடைக்குப் பக்கத்திலேயே வந்து நின்று, "சோபாவுக்கு அடியில இருந்தது" என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தின் நடுவில் பிடுங்கப்பட்டு, சாட்சிக் கூண்டுக்குள்ளேயே வந்து விழுந்தார் நெறியாளர் ஆதவன். மேலே கோட்டும் டையும், கீழே கட்டம் போட்ட கைலி. கேமராக்கள் அவரை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் காட்டின. கிளிண்டன் மட்டும் வரவில்லை.

"எதுக்குக் கூப்பிட்ட?" "என்ன வாங்கணும்?" "நான் என்ன பண்ணேன்?" என்று ஆயிரக்கணக்கான குரல்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு முகத்தை எங்கே என்று தேடுவது? நீதிபதி மேசையைத் தட்டித் தட்டிக் கை சலித்தார். தங்கபுஷ்பம் குதிகாலைத் தூக்கிப் பார்த்தாள். பெஞ்சில் ஏறிப் பார்த்தாள். கண் கரித்தது. பிறகு, என்ன தோன்றியதோ, மறுபடி ஒரே ஒரு தரம் கூப்பிட்டாள்.

"ஏங்க!"

"என்ன?" என்று அத்தனை புருஷன்மாரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். அந்தச் சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் ஊரைவிட்டே கிளம்பின. மந்திரி திரும்பினார், ஆதவன் திரும்பினார், சோப்பு நுரைக்காரர் நுரை தெறிக்கத் திரும்பினார். கேன்டீன் பக்கத்தில், முட்டை போண்டாத் தட்டுக்கு முன்னால், ஒரே ஒரு முதுகு திரும்பவில்லை.

தங்கபுஷ்பத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது. "அம்மா, அந்தா நிக்காவ பாருங்க. அவியதான் எங்க வீட்டுக்காரரு!"

"முதுகுதானேம்மா தெரியுது?" என்றார் நீதிபதி.

"மொதக் கூப்பாட்டுக்குத் திரும்பாத முதுகும்மா அது. எனக்குத் தெரியாதா?"

"ஆட்சேபம்!" என்று அரசு வக்கீல் விழித்துக்கொண்டார். "முதுகை அடையாளமாக ஏற்க முடியாது. அவர்தான் கணவர் என்றால் குற்றம் சாட்டப்பட்டவர் கணவர் பெயரைச் சொல்லி அடையாளம் காட்டட்டும். இதுவரை ஒரு தரம்கூடச் சொல்லவில்லை."

நீதிபதி தங்கபுஷ்பத்தைப் பார்த்தார். "சொல்லித்தான் ஆகணும்மா."

போண்டா எண்ணெயில் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. ஆயுசில் ஒரு நாள். ஆனால் இல்லாத ஆயுசிலிருந்து எதைக் குறைக்க முடியும்? முதலில் ஆள் இருக்கட்டும் என்று நினைத்தாள். பட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து வாய்க்குள்ளேயே பூட்டி வைத்திருந்ததை எடுத்தாள். கிரைண்டர் குரல் இல்லை. அவளுக்கே புதிதான ஒரு சின்னக் குரலில் வந்தது.

"குற்றாலிங்கம்."

அவர் திரும்பினார். முதல் கூப்பாட்டுக்கே திரும்பினார். கையிலிருந்த போண்டா கீழே விழுந்தது.

கூட்டம் விலகி வழி விட்டது. திருப்பூரில் ஒரு பரோட்டாக் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்த கையோடு கூண்டில் வந்து நின்றார் குற்றாலிங்கம். அன்றைக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது ஏன் வரவில்லை என்று நீதிபதி கேட்டார். தானில்லை, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்ததாகச் சொன்னார்.

"டிவியில தெனமும் என்னைய தங்கமானவன், வாயில்லாப் பூச்சின்னு சொன்னாவ அம்மா. உசிரோட இருக்கையில ஒருத்தரும் சொன்னதில்ல. செத்தவன் கண்ணு செந்தாமரைம்பாவல்லா. கேக்கக் கேக்க நல்லாருந்துச்சு. நாளைக்குப் போவோம், நாளைக்குப் போவோம்னு எனக்கு நானே வாய்தா வாங்கிக்கிட்டேன். அப்புறம் பாத்துப் பாத்து, அந்த மனுசன் நெசமாவே செத்துட்டாருன்னு எனக்கே தோணிட்டு. அவருக்காவ அழுதிருக்கேம்மா. அந்தப் பொம்பளைய சும்மா விடக்கூடாதுன்னு மாஸ்டர்கிட்ட சண்டைகூடப் போட்டேன்."

தங்கபுஷ்பம் கையை ஓங்கிக்கொண்டு போனாள். நீதிபதி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி வேப்பமரத்தைப் பார்த்தார், கோர்ட்டும் மரியாதைக்கு வேப்பமரத்தைப் பார்த்தது. ஓங்கிய கை அவர் சட்டைக்காலரைப் பிடித்தது, அங்கேயே இருந்தது.

"கொழம்புல உப்பு இருந்துச்சு" என்றாள்.

"இருந்துச்சு" என்றார் அவர். "நாக்குத்தான் சரியில்ல."

"வாங்க வீட்டுக்கு. ஒங்கள வெட்டிக் கொழம்பு வைக்கேன்."

சுருக்கெழுத்துக்காரர் பேனாவோடு நீதிபதியை நிமிர்ந்து பார்த்தார். "அதை எழுத வேண்டாம்" என்றார் நீதிபதி. வழக்கு தள்ளுபடியானது. ஆதவன் கைலியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தான் ஆரம்பத்திலிருந்தே இதைத்தான் சொல்லி வந்ததாகக் கேமராவிடம் சொன்னார்.

வந்த புருஷன்மார் அத்தனை பேரும் ஊர் திரும்ப பஸ் காணாமல், பஸ் ஸ்டாண்டே திருவிழாவாகக் கிடந்தது. இசக்கியப்பனிடம் பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தங்கபுஷ்பம் முன்னால் நடந்தாள். பின்னால் வந்த குற்றாலிங்கம் வெட்கத்தோடு, "ஏளா, அந்தப் பேர இன்னொருக்கா சொல்லேன்" என்றார்.

"ஒரு நாளு போச்சு, அது போதும். மிச்சத்துல ஒண்ணக்கூட நான் விட மாட்டேன்" என்றாள் அவள்.

வடக்குத்தெருப் பக்கம் போகிற பஸ் வந்து நின்றது. இவர் எதையோ வேடிக்கை பார்த்துக்கொண்டு, எங்கேயோ பந்தல் கட்டியிருந்த முடிச்சு சரியில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு நின்றார். "ஏங்க!" என்று கூப்பிட்டாள். பஸ் ஸ்டாண்டில் இருந்த அத்தனை ஆம்பிளைகளும் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை. அவள் மனம் நிறைந்து இரண்டாம் தரம் கூப்பிட்டாள்.